உடைந்த ஊசி எங்கே?

திருப்பூரில் ஒரு பொம்பளையிடம் என்ன வேலை என்று கேட்டால் டெய்லர், கைமடி, செக்கிங் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். நான் செக்கிங். 17 வருஷமாக டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றபடி பனியன் பீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவள். ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஒரு கை மட்டும் கால் இன்ச் நீளம், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. "இப்படிக் கண்ணு இருக்கறவ வீட்டுல என்னத்தப் பார்த்துட்டு இருந்தே?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். பையனுடைய டீச்சர் கேட்டார். நாத்தனார் கேட்டாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூடக் கேட்டாள். அஞ்சு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். இனி முடியாது. இப்போது நான் கேட்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து குழந்தைச் சட்டைக்கு ஆர்டர் வந்தால் அந்த லைனில் சட்டமே வேறு. சின்னக் குழந்தையின் சட்டையில் கழுத்திலோ தலைத்தொப்பியிலோ கயிறு வைக்கக் கூடாது. சறுக்குமரத்தில் ஏறும்போது எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். பட்டனை மிஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். பிய்ந்து வந்தால் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஊசி. தைக்கும்போது ஊசி உடைந்துவிட்டால் டெய்லர் அப்படியே கையை எடுத்துவிட வேண்டும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்து, நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, தேதியும் மிஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் மிஷின் ஓடாது. தரையைக் கூட்டுவோம், காந்தத்தை உருட்டுவோம், தைத்த பீஸை எல்லாம் ஊசி கண்டுபிடிக்கிற மிஷினுக்குள் விடுவோம். கடுகளவு இரும்புத் துண்டுக்காக, முகம் தெரியாத ஏதோ ஒரு நாட்டுக் குழந்தையின் தோளில் குத்திவிடக் கூடாதே என்று.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதே 17 வருஷத்தில் என் பிள்ளைக்குள் ஒன்று இறங்கியது. அதை எந்த மிஷினுக்குள்ளும் யாரும் விட்டுப் பார்க்கவில்லை.

2020 மார்ச்சில் ஊர் அடங்கியது. கம்பெனி மூடியது. வாரச் சம்பளம் வாங்குகிற வீட்டில் சனிக்கிழமை வந்தால் அழுகை. அந்த ஜூனில் பள்ளிக்கூடத்திலிருந்து சொன்னார்கள், பாடம் எல்லாம் வாட்ஸாப்பில் வரும், போன் இருந்தாக வேண்டும் என்று. பையன் எட்டாம் வகுப்பு. என் தோட்டை அடகு வைத்து 9,500 ரூபாய்க்குப் போன் வாங்கினோம். கடைக்காரர் சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்தார். சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவன் கையில் கொடுத்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் வகுப்புக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 செப்டம்பர் 1. ஒன்றேகால் வருஷம் அந்தப் போன்தான் அவனுக்குப் பள்ளி, மைதானம், சிநேகிதம் எல்லாம். அன்லாக் விட்டதும் நாங்கள் கம்பெனிக்குத் திரும்பிவிட்டோம். எனக்கு ஒன்றரை ஷிப்ட், என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் ராத்திரி வேலை. வேலைக்குப் போகாமல் பிள்ளைக்குக் காவல் இருந்திருக்க வேண்டும் என்கிறவர்கள் எங்கள் வீட்டு வாடகையைக் கட்டிவிட்டுப் பேசட்டும்.

போனில் அவன் ஆடுவதை முதலில் நான் ஏதோ கார் ஓட்டுகிற விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பப்ஜியில் 100 பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கிடைக்கிற வீட்டுக்குள் எல்லாம் புகுந்து துப்பாக்கி பொறுக்குகிறார்கள். சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது, ஒளிந்து கிடக்கவும் விடாது. மற்றவர்களைக் கொன்று கடைசியில் நிற்பவன் ஜெயித்தவன். ஃப்ரீ ஃபயர் என்றால் 50 பேர், பத்தே நிமிஷம். விலை குறைந்த போனிலும் ஓடும், அதனால் எங்கள் தெருவில் அதுதான் ராஜா.

பத்து நிமிஷம்தானே என்று தோன்றும். அதில்தான் சூட்சுமம். தோற்றால் உடனே இன்னொன்று, ஜெயித்தால் உடனே இன்னொன்று. தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, ஒரு நாள் வராவிட்டால் போச்சு. துப்பாக்கிக்குப் பூச்சு, பொம்மைக்கு உடை, ஆட்டத்துக்கே சீசன், சீசன் முடிவதற்குள் பதவி ஏற வேண்டும். இதற்கும் மேலே, நாலு பேராகச் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். சோறு ஆறுகிறது வா கண்ணு என்றால், "நான் எந்திரிச்சா மூணு பேரும் செத்துருவாங்கம்மா" என்பான். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்காதே என்று சொல்லி வளர்த்ததும் நான்தானே? அந்த நல்ல குணத்தையே தூண்டில் புழுவாக மாட்டியிருக்கிறார்கள். 13 வயசுப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது இன்னொரு பிள்ளை இல்லை. எந்த இடத்தில் பிள்ளை எழுந்து போகப் பார்க்கும், அங்கே எதைக் காட்டினால் உட்காரும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிற படித்த பெரிய மனுஷர்கள். அவர்களோடு மல்லுக்கு நின்று நான் தோற்றேன் என்றால், என்னையா குற்றம் சொல்கிறீர்கள்?

அந்த வருஷம் கார்த்திகையில் என் மாமியார் போய்ச் சேர்ந்தார். பையனுக்கு அப்பத்தா என்றால் உயிர். பத்து வயசு வரைக்கும் அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கூடத்தில் ஐஸ் பெட்டி. சுற்றிப் பொம்பளைகள் கைகோத்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தோம். மொட்டை மாடியிலிருந்து ஒரு கத்தல். "மச்சான், நான் செத்துட்டு இருக்கேன்டா! வந்து எழுப்புடா! ரிவைவ் பண்ணுடா டேய்!" ஒப்பாரி அப்படியே நின்றுவிட்டது. என் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என் தம்பி படியேறி ஓடினான். போனும் கையுமாகத்தான் அவனைக் கீழே இழுத்து வந்தான். இழவு வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவன் ஐஸ் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. அழுகை இல்லை, பயம் இல்லை, வெட்கம்கூட இல்லை. யாரோ அவசரமாகக் கூப்பிட்டதால் வரிசையை விட்டு வந்த ஆள் போல நின்றான்.

ஆட்டத்தில் சுடப்பட்டு விழுந்தவனைக் கூட்டாளி வந்து எழுப்பிவிடலாம். அதுதான் ரிவைவ். ஒரு நாளைக்கு முப்பது தடவை செத்து முப்பது தடவை எழுந்த பிள்ளைக்கு, எழாத சாவு ஒன்று வீட்டுக்குள் வந்தபோது அதற்கான அழுகை ஊறவில்லை. இதை அளந்து பார்க்க எந்தத் தராசும் கிடையாது. கூடத்தில் நின்று நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், அது போனது எனக்குப் பெரிசில்லை. ஃப்ரீ ஃபயரில் வைரம் என்று ஒன்று, பப்ஜியில் யூசி. அந்தப் போனில் எனக்குப் பணம் அனுப்புகிற வசதியைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான், ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். எண்பது, நூற்று அறுபது என்று எடுத்து எடுத்து, மகளிர் குழுவில் வாங்கி வைத்திருந்த கடனில் 11,400 ரூபாய் காலி. வங்கியில் போய் நின்றேன். "எண்ணைப் போட்டுத்தானேம்மா எடுத்திருக்கு" என்றார்கள். சரிதான், எண்ணைப் போட்டுத்தான் எடுத்திருக்கிறது.

அன்று ராத்திரி போனைப் பிடுங்கினேன். என் பிள்ளை என்னைத் தள்ளினான். தையல் மிஷினின் சக்கரத்தில் முழங்கை மோதி, நாலு தையல். தள்ளிய கையை அவனே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான், யாருடைய கையோ என்பது போல. அவன் வாயிலிருந்து அன்றைக்கு வந்த சொல்லை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்கியதில்லை. 2021 ஜூனில் தருமபுரியில் ஒரு யூடியூபரைப் போலீஸ் பிடித்தது நினைவிருக்கலாம். தடை செய்த பப்ஜியை ஆடிக்காட்டிக்கொண்டே பெண்களைப் பற்றிக் கூசாமல் பேசி லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த ஆள். கேஸ் பேப்பரில் வந்த அன்றுதான் எங்கள் வீட்டு ஹெட்போனுக்குள் ஒரு வருஷமாக என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு உறைத்தது.

விளையாட்டில் சுடுகிறவன் எல்லாம் வெளியே போய்ச் சுடுவானா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானே தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த விளையாட்டுகளால்தான் பெரிய வன்முறைகள் நடக்கின்றன என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, கத்துவது, தள்ளுவது மாதிரியான மூர்க்கத்தோடு ஒரு சிறு தொடர்பு உண்டு. இதுதான் அதன் சாரம். படித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் "சிறு தொடர்பு" என் முழங்கையில் நாலு தையலாக இருக்கிறது, தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பிள்ளை யாரையும் கொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு நடந்ததை யாரும் நஷ்டமாகவே எண்ணுவதில்லை. பிணம் விழுந்தால் பேப்பரில் கட்டம் கட்டிப் போடுவார்கள், டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். தூக்கம் செத்தது, பேச்சு செத்தது, பத்தாம் வகுப்பு செத்தது, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற பழக்கம் செத்தது. இதற்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியுமா?

பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. 2019 ஜனவரியில் டெல்லியில், பரீட்சையைப் பற்றி மாணவர்களோடு பேசுகிற நிகழ்ச்சியில், ஒரு தாய் எழுந்து, மகன் ஆன்லைன் விளையாட்டிலேயே கிடக்கிறான், என்ன செய்வது என்று பிரதமரிடம் கேட்டார். "பப்ஜிக்காரனா?" என்று பிரதமர் கேட்டார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் போனில் பார்த்திருக்கிறேன். கேட்டவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தடை வந்தது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி, 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியும் போனது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பாயசம் வைத்தார்கள், நானும் ஒருத்தி. எதற்காகத் தடை என்று பிறகுதான் படித்தேன். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு. சீன எல்லையில் நடந்த சண்டைக்கான பதிலடி. நல்லது, நாடு முக்கியம்தான். ஆனால் அந்த உத்தரவில் பிள்ளையின் தூக்கத்துக்கு இடமில்லை. பிள்ளைக்காகப் போட்ட தடையாக இருந்தால் பிள்ளைக்காக நின்றிருக்கும். 2021 ஜூலையில் அதே ஆட்டம் இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ரத்தத்தைப் பச்சை நிறமாக்கினார்கள். கொன்றான் என்று வந்த இடத்தில் முடித்தான் என்று மாற்றினார்கள். பச்சை ரத்தம்! சுட்டவன் பிள்ளைதானே, சுடுகிற கை அதே கைதானே? 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தார்கள். அதன் அண்ணன், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், கடையில் அப்படியே இருந்தான். அந்த 2022 ஜூலையில் இந்தியப் பெயர் பப்ஜியும் காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது.

18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெற்றோரின் போன் நம்பருக்கு ஓடிபி வரும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். அது அவன் கையில்தான் இருந்தது. அவனே கேட்டு அவனே சம்மதித்துக்கொண்டான். ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கும் என்பது, இந்த விதியை எழுதின ஏசி அறையில் ஒருத்தருக்கும் தோன்றாமல் போய்விட்டது.

தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் ரம்மிக்குக் கட்டுப்பாடு வந்தது. ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்றார்கள், 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அந்த ஆகஸ்டில் நாடு முழுக்கப் பண ஆட்டத்தையே தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வரவேற்கிறேன். எத்தனை குடும்பம் அதில் போனது என்று எனக்குத் தெரியும், எங்கள் கம்பெனியிலேயே ஒரு அயர்ன் மாஸ்டர் குடும்பம் போனது. ஆனால் அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கப் போவதாகவும் சொல்கிறது. பணம் போனால் குற்றம், பிள்ளை போனால் விளையாட்டு. 40 வயசு ஆம்பளை நடுராத்திரியில் சீட்டாடாமல் தடுக்க ஒரு வழி கண்டுபிடிக்க முடிகிறது. 13 வயசுப் பிள்ளை நடுராத்திரியில் துப்பாக்கி பிடிக்காமல் தடுக்க மட்டும் அம்மா முழித்திருக்க வேண்டும். சீனாவில் 2021 செப்டம்பரிலிருந்து 18 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராத்திரி 8 முதல் 9 வரைதான் ஆட முடியும். பப்ஜியைப் போனுக்குள் கொண்டுவந்ததில் பங்குள்ள கம்பெனி அந்த நாட்டுக் கம்பெனிதான். அந்த நாட்டு ஆட்சியை எல்லாம் நான் கேட்கவில்லை. பூட்டு போட முடியும், போட மனசில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

"எத்தனையோ பிள்ளைங்க விளையாடுது, எல்லாமா கெட்டுப்போச்சு?" இதுதான் என்னைக் கொல்கிற கேள்வி. கெட்டுப்போகவில்லை. எதிர்வீட்டுப் பையனும் ஆடினான், இன்று கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். நல்லா இருக்கட்டும். ஆனால் எல்லாக் குழந்தையும் பட்டனை விழுங்குவதில்லையே? ஆயிரத்தில் ஒரு குழந்தை விழுங்கும் என்றுதானே ஒரு சட்டைக்கு இத்தனை சோதனை? விழுங்கிய குழந்தையின் தாயிடம் போய், மற்ற 999 நல்லா இருக்கிறதே என்று எந்தக் கம்பெனிக்காரனாவது சொல்வானா? எங்களிடம் சொல்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்த ஆட்டப் பித்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாவது, கேடு வந்த பிறகும் விட முடியாமை. பையனைக் காட்டிய மனநல டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, செக்கிங் டேபிளில் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி எனக்கு விரல் மடங்கியது. அவர்தான் என்னை முதன்முதலில் திட்டாமல் பேசியவர். இன்னொரு குரலும் உண்டு. ஒரு ராத்திரி ஒரு மணிக்கு 14416-க்குப் போன் போட்டேன். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது. தமிழில் ஒரு பொண்ணு எடுத்தாள். "முதல்ல நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் அழுதேன்.

பையன் 2023-இல் பத்தாம் வகுப்பு எழுதினான். கணக்கும் அறிவியலும் போச்சு. இப்போது 18 முடிந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலேயே கைமடி மேஜையில் நிற்கிறான். வைத்தியத்தில் கொஞ்சம் தெளிவு. ஆட்டம் குறைந்திருக்கிறது, போகவில்லை. நேற்று அவனாகவே, "அப்பத்தாவுக்குத் திதி எப்பம்மா?" என்று கேட்டான். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி வருகிற எந்தக் குழந்தைச் சட்டமும் அவனுக்குப் பொருந்தாது. ஆனால் சின்னவள் ஆறாம் வகுப்பு. வீட்டுப்பாடம் இன்னும் வாட்ஸாப்பில்தான் வருகிறது.

இன்று காலை எங்கள் லைனில் ஆறு வயசுக் குழந்தைகளுக்கான ஆர்டர். பதினொரு மணிக்கு ஓவர்லாக்கில் ஒரு ஊசி மூன்று துண்டாக உடைந்தது. இரண்டு துண்டுதான் கிடைத்தது. சூப்பர்வைசர் விசில் ஊதி லைனை நிறுத்திவிட்டார். என் பையனும் நானும் மற்ற முப்பது பேரும் முட்டி போட்டுத் தரையில் தேடினோம். நாற்பது நிமிஷம். கிடைக்கிற வரைக்கும் ஒரு மிஷினும் ஓடவில்லை.